கீழக்கரை மஹால் அடுப்படியில் ஆவி லைன்: மாற்றிப் போட்டுக் கொடுத்தவர்களைப் பற்றி

ஆவியில் சமைக்கிற அடுப்படி போடப்போகிறோம் என்று கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கமிருந்து என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, பாய்லர் என்ன விலை என்றுதான். பைப் லைனை யார் போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. மச்சான் நடத்தும் கல்யாண மஹாலில் பாய்லர் நல்ல பாய்லர்தான். லைன் போட்ட விதத்தில்தான் எல்லாம் கெட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்று வந்து அதைப் பிரித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. அவர்கள் வேலையைப் பற்றியதுதான் இது. குறையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை. முதலில் போட்டுக் கெடுத்தவர் பெயரும் வேண்டாம்.

அவசரக்காரர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். லைன் டிசைனுக்குப் பத்துக்கு ஒன்பது. உப்புக் காற்றையும் உப்புத் தண்ணீரையும் யோசித்ததற்குப் பத்துக்கு நாலு. கூப்பிட்டால் வருவதற்கு அஞ்சு.

நான் சவுதியில் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் பாய்லர் பார்த்தவன். ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, "வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு" என்று மச்சான் அடுப்படியை என் தலையில் கட்டினார். மூன்று சோற்று அண்டா, ஆவி நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி. தால்ச்சாவுக்கும் பாலுக்கும் ஜாக்கெட் வைத்த அண்டா, அதாவது இரட்டைச் சுவருக்கு நடுவே ஆவி சுற்றுகிற அண்டா, இரண்டு. இட்லி, இடியாப்பத்துக்கு ஒரு பெட்டி. பாய்லர் மணிக்கு 150 கிலோ ஆவி தரும் என்று தகட்டில் போட்டிருக்கும் விறகுப் பாய்லர். சீமைக்கருவேலம் இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் கிடைக்கிற அளவுக்கு வேறு எதுவும் கிடைக்காது என்பதால் விறகு விஷயத்தில் யோசிக்கவே இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ பிரஷரில் ஓட்டுகிறோம். டிசைன் பிரஷரும் ஓட்டுகிற பிரஷரும் ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் பாய்லர் சட்டத்துக்குள் வராது, லைசென்ஸ் வேண்டாம் என்று விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் 0.7 கிலோவிலும் ஆவி 115 டிகிரியில் இருக்கும், தோலை உரித்துவிடும். முதலில் போட்டவர் சேஃப்டி வால்வின் வாயை ஆள் நடக்கிற வழியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியாணியை மட்டும் இதில் போட மாட்டோம். சமையல் பார்க்கிற எங்கள் பண்டாரி மாமா பாய்லர் வந்த அன்றைக்கே, "சோறு வடி, பருப்பு வேக வை, வெங்காயத்தை மட்டும் இதுக்கிட்ட கொண்டு வராதே" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜாக்கெட்டில் சுற்றுகிற ஆவியே 115 டிகிரி. அதற்கு மேல் அண்டாவின் சுவர் சூடாக வழியில்லை. வெங்காயம் பொன்னிறத்துக்கு வர அது போதாது, வெந்து குழைந்துதான் போகும். தாளிப்பதற்கும் தம் போடுவதற்கும் விறகடுப்பு தனியாக இருக்கவேண்டும். ஆவி வந்தால் அடுப்பே வேண்டாம் என்று சொல்லி விற்கிறவரை நம்பவேண்டாம்.

சரி, பழைய லைனுக்கு வருவோம். காலையில் வால்வைத் திறந்தால் சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல டமார் டமார் என்று சத்தம். கடைசியில் இருக்கிற இட்லிப் பெட்டி சூடேறவே ஏறாது. நடு அண்டாவில் சோறு வெந்துவிடும், பக்கத்து அண்டாவில் அரிசி கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளை நிற்கும். பாய்லர் சின்னது, 250 கிலோ பாய்லர் வாங்குங்கள் என்று இரண்டு பேர் வந்து கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கோவையிலிருந்து வந்தவர் பாய்லர் பக்கமே போகவில்லை. அது எனக்குப் பிடித்தது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பைப்பின் மேல் வைத்துக்கொண்டே பாய்லர் ரூமிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஏணியில் ஏறி ஏறி இறங்கினார். இறங்கி வந்து, "இதை யாருங்க போட்டது? தண்ணி நிக்கறதுக்குன்னே போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றார். பைப்பு நெடுக எங்கெங்கே தொய்ந்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். தாங்கிக்கும் தாங்கிக்கும் நடுவே அஞ்சு மீட்டருக்கு மேல் இடைவெளி. சூடேறிய பைப்பு நடுவில் வயிறு இறங்கிக் கிடந்தது. பைப்புக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீரானால் அந்த வயிற்றில்தான் சேரும். பின்னால் வருகிற ஆவி அந்தத் தண்ணீரை அப்படியே கட்டியாகத் தள்ளிக்கொண்டு போய் எல்போவில் மோதுகிறது. அதுதான் அந்தச் சம்மட்டி அடி. சத்தத்தோடு போனால் பரவாயில்லை, பைப்பையும் பைப்பையும் இணைக்கிற ஃபிளாஞ்ச் வாயைப் பிளந்துவிடும்.

அவர்கள் போட்ட புது லைனில் வாட்டம் ஆவி போகிற திசையிலேயே இறங்குகிறது, நூற்றுக்கு ஒன்று. 20 மீட்டர் லைனில் தலைக்கும் வாலுக்கும் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். மூன்று மீட்டருக்கு ஒரு தாங்கி. தண்ணீர் தானாக ஓடிவந்து விழ ஒரு பள்ளக் குழாய், அதன் கீழே, தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற டிராப். பழைய லைனில் ஒவ்வொரு அண்டாவுக்கும் கிளைக் குழாய் மெயின் பைப்பின் அடிவயிற்றிலிருந்து எடுத்திருந்தது, அதாவது தேங்கின தண்ணீர் எல்லாம் முதலில் அண்டாவுக்குத்தான் போகும். இப்போது கிளைகள் எல்லாம் மெயினின் முதுகிலிருந்து மேலே கிளம்பி வளைந்து கீழே இறங்குகின்றன. சின்ன மாற்றம். ஆனால் அண்டாவுக்கு வருகிற ஆவி காய்ந்த ஆவியாக வருகிறது.

அடுத்தது பைப்பின் பருமன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடற்கரையில் நான் பார்த்த ஆவி அடுப்படிகளில் பாதி இந்தத் தவறில்தான் மாட்டியிருக்கின்றன. பழைய மெயின் ஒரு இஞ்ச் பைப்பு. தண்ணீர் லைனுக்குப் போடுகிற கணக்கில் ஆவிக்கும் போட்டுவிட்டார்கள். 0.7 கிலோ பிரஷரில் ஒரு கிலோ ஆவிக்கு ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இடம் வேண்டும். மணிக்கு 150 கிலோ என்றால் 150 கன மீட்டருக்கு மேல். அதை ஒரு இஞ்ச் பைப்பில் திணித்தால் ஆவியின் வேகம் நொடிக்கு 70 மீட்டரைத் தாண்டும். 25லிருந்து 35 மீட்டர் வரைதான் ஆவி மெயினுக்கு நல்லது. அதற்கு மேல் போனால் பிரஷர் எல்லாம் பைப்பிலேயே செத்துவிடும், கடைசிப் பெட்டிக்கு மிச்சம் ஒன்றும் வராது. இட்லி வேகாததற்குக் காரணம் இதுதான், பாய்லர் சின்னது என்பதல்ல. இரண்டு இஞ்ச் பைப்பு போட்டதும் வேகம் 20 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. பிரஷர் குறையக் குறைய ஆவி அதிக இடம் கேட்கும். லைசென்ஸ் வேண்டாமென்று குறைந்த பிரஷரில் ஓட்டுகிறவர்கள் பைப்பைப் பெரிதாகப் போட்டே ஆகவேண்டும். விற்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை.

பாய்லர் சின்னது இல்லை என்றேன். அதற்காகத் தகட்டில் போட்டிருக்கிற 150 கிலோவும் முழுசாக வரும் என்று இல்லை. அந்த எண், 100 டிகிரியில் இருக்கிற தண்ணீரைக் கொடுத்து 100 டிகிரி ஆவியாக எடுத்தால் வருகிற எண். நம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி. அதைக் கொடுத்தால் கையில் வருவது 130 கிலோதான். 80 டிகிரித் தண்ணீரைக் கொடுத்தால் 143 வரைக்கும் ஏறும். ஜாக்கெட் அண்டாக்களிலிருந்து வருகிற சுடுநீரைப் பழையவர் சாக்கடையில் விட்டிருந்தார். கோவைக்காரர்கள் அதைப் பாய்லர் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். சோற்று அண்டாவுக்குள் போகிற ஆவி சோற்றோடு போய்விடும், அது திரும்பாது. ஜாக்கெட்டிலிருந்து வருவது மட்டும்தான் லாபம். அதுவே விறகில் தெரிகிறது. பாய்லர் தண்ணீர் 6 டிகிரி கூடினால் எரிபொருளில் சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சம் என்பது பாய்லர்காரர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு.

பண்டாரிகளுக்கு ஒரு வார்த்தை. 100 லிட்டர் தண்ணீரை ஆவி விட்டுக் கொதிக்க வைத்தால், அந்த ஆவியே குளிர்ந்து அதில் 13 லிட்டர் தண்ணீராகச் சேர்ந்துவிடும். அண்டாவில் உலை வைக்கும்போதே அதைக் குறைத்து ஊற்றவேண்டும். ஆரம்பத்தில் சோறு குழைந்ததற்குப் பாதிக் காரணம் இது. மாமா இப்போது அண்டாவின் உள்பக்கம் ஒரு கோடு வைத்திருக்கிறார்.

டிராப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவர்களுக்குக் கொடுத்த ஒன்பதுக்கு நியாயம் இருக்காது. டிராப்பின் வேலை, தண்ணீரை வெளியே விட்டு ஆவியை உள்ளேயே நிறுத்துவது. பழைய லைனில் இரண்டு ஜாக்கெட் அண்டாவுக்கும் சேர்த்து ஒரே டிராப். செலவு மிச்சமாம். ஒரு அண்டாவில் பால் காய்ந்து முடிந்து பிரஷர் ஏறி நிற்கும்போது, பச்சைத் தண்ணீர் ஊற்றிய அடுத்த அண்டாவில் பிரஷர் விழுந்து கிடக்கும். ஏறி நிற்கிற அண்டா, விழுந்து கிடக்கிற அண்டாவின் தண்ணீரை வெளியே வரவிடாது. ஜாக்கெட்டில் பாதி தண்ணீர் நின்றால் அண்டாவின் கீழ்ப்பாதி சூடாகாது. அண்டாவுக்கு ஒரு டிராப் என்பதில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது. அதோடு அங்கே இருந்தது டிஸ்க் டிராப். நல்ல பிரஷர் இருக்கிற லைனுக்கு அது சரி. 0.7 கிலோவில் அது தடுமாறும், அதுவும் தண்ணீரை மேலே தூக்கித் தொட்டிக்கு அனுப்பவேண்டும் என்றால் இன்னும் மோசம். இவர்கள் மிதவை வைத்த டிராப் போட்டார்கள், உள்ளேயே காற்று போக வழி உள்ளது. டிராப்புக்கு முன்னால் தூசியைப் பிடிக்க வலை வைத்த ஸ்டிரெய்னர், பின்னால் தண்ணீர் திரும்பாமல் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு. ஆவி மெயினில் போட்ட ஸ்டிரெய்னரின் தொப்பையைக் கீழே தொங்கவிடாமல் பக்கவாட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள், கீழே தொங்கினால் அதிலும் தண்ணீர் நின்று வலையைக் கிழிக்கும். பழைய ஸ்டிரெய்னரைக் கழற்றியபோது வலைக்குள் துருத்தூளும் டெஃப்லான் டேப்பின் நூலும் பந்தாகச் சுருண்டு வெளியே வந்தது.

காற்று விஷயத்தில் நானே அவர்களிடம் ஒன்று கேட்டுப் போட வைத்தேன். காலையில் லைன் நிறையக் காற்றுதான் இருக்கும். ஆவி அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் ஒதுக்கும். அங்கே வெளியேற வழி இல்லையென்றால் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். கேஜில் ஒரு கிலோ காட்டினாலும், நாலில் ஒரு பங்கு காற்று என்றால் 120 டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் 111 தான் இருக்கும். கேஜைப் பார்த்து ஏமாந்துபோகிற இடம் இது. சவுதியில் அயர்ன் செய்கிற ரோலரில் இதைத்தான் தினம் பார்த்திருக்கிறேன்: துணியின் ஒரு ஓரம் மட்டும் ஈரமாக வரும். லைனின் கடைசியில் இப்போது ஏர் வென்ட் இருக்கிறது.

பழைய லைனில் என்னை மிரட்டிய சமாச்சாரம் ஒன்று உண்டு. மெயினைப் பிரித்தபோது சோற்று அண்டாக்களுக்குப் போகிற மூன்று கிளையிலும் உள்ளே வெள்ளையாக ஒரு படலம். சுண்ணாம்பு என்றுதான் நினைத்தார்கள். நகத்தால் சுரண்டினால் ஒட்டியது, முகர்ந்தால் புளித்த வாடை. கஞ்சி. சோறு வெந்ததும் வால்வை மூடுகிறோம். கிளையில் மிச்சமிருக்கிற ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பிரஷர் இல்லாத ஆவியாக இருக்கும்போது 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிப்பது, குளிர்ந்தால் ஒரு லிட்டருக்குச் சுருங்கிவிடும். உள்ளே வெற்றிடம். அண்டாவில் முங்கியிருக்கிற குழாய் வழியாகக் கஞ்சியை உறிஞ்சி மேலே இழுத்துக்கொள்கிறது. அடுத்த விருந்துக்கு வால்வைத் திறக்கும்போது பழைய கஞ்சிதான் முதலில் புதுச் சோற்றில் விழும். சோறு சமைக்கிற இடத்தில் இதைவிடக் கேவலம் வேண்டாம். மூன்று கிளைக்கும் ஒரு நான்ரிட்டர்னும், வெற்றிடம் விழுந்தால் வெளிக்காற்றை உள்ளே விடுகிற பிரேக்கரும் போட்டால் தீர்ந்தது. பிரேக்கருக்கு ஆகிற காசு, ஒரு கல்யாணத்துக்கு வாங்குகிற வாழை இலைக்குக்கூட வராது. முதலில் போட்டவருக்கு இது தோன்றவே இல்லை. கொட்டேஷன் கொடுத்துப் போன இரண்டு பேரும் இதைப் பார்க்கவில்லை. கோவைக்காரர்கள் கேட்காமலே போட்டார்கள்.

பைப்பு நீள்வதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். 20 மீட்டர் இரும்புப் பைப்பு 30 டிகிரியிலிருந்து 115க்குப் போனால் இரண்டு சென்டிமீட்டர் நீளும். பழையவர் இரண்டு முனையையும் சுவரில் இறுக்கியிருந்ததில் பூச்சு பெயர்ந்து கிடந்தது.

இனிக் குறைகள்.

கோவையில் உட்கார்ந்து டிசைன் போடுகிறவருக்கு உப்புக்காற்று என்றால் என்னவென்று தெரியாது. பாம்பன் பாலத்தை 1914இல் திறந்ததிலிருந்து துருவோடு போராடித்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். நம் அடுப்படிக் கூரை அந்தக் காற்றிலிருந்து எத்தனை தூரம்? லைனுக்கு மேல் பாறைப்பஞ்சு சுற்றியது நல்ல வேலை. மூடாமல் விட்டால் அந்த 20 மீட்டரில் மட்டும் மணிக்கு ஏழெட்டு கிலோ ஆவி வெறும் சூடாகப் போய்விடும், காற்றடித்தால் இன்னும் கூட. ஆனால் பஞ்சுக்கு மேலே போட்டது ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, அதில் இரும்பு ரிவிட். அலுமினியம் போடுங்கள், மூட்டு எல்லாம் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும் என்று நான் சொன்னேன். "எல்லா இடத்துலயும் இதுதானுங்க போடறோம்" என்றார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் ரிவிட்டைச் சுற்றித் துரு வடிய ஆரம்பித்துவிட்டது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பைப்பு வெளியே தெரியாமல் உள்ளேயே அரிக்கும். இப்போது ஒவ்வொரு மூட்டாக நானே சிலிகான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் இதைவிடப் பெரிதாகக் கோட்டை விட்டார்கள். பாய்லருக்குச் சாஃப்ட்னர் ஒன்று போட்டுக் கொடுத்து, இனிமேல் கவலை வேண்டாம் என்றார்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். காரை பிடிக்காது, சரி. ஆனால் உப்பு அப்படியே இருக்கும். நம் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பாய்லருக்குள் 3,500க்கு மேல் ஏறவிடக்கூடாது என்பது வழக்கம். ஏறினால் நுரைக்கும், நுரைத்தால் உப்புத்தண்ணீர் ஆவியோடு கிளம்பிச் சோற்றுக்கு வரும். 3,500க்குள் நிறுத்த எவ்வளவு தண்ணீரை வெளியே விடவேண்டும்? 3,500க்கும் 1,500க்கும் வித்தியாசம் 2,000, அதனால் 1,500ஐ 2,000ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு 100 கிலோ ஆவிக்கும் 75 லிட்டர் சுடுதண்ணீரைக் கீழே கொட்டவேண்டும். விறகை அள்ளிக் கடலில் போட்ட கணக்கு. ஆர்.ஓ. வைத்து 100க்குக் கொண்டுவந்தால் 3 லிட்டர் விட்டால் போதும். ஆர்.ஓ. மெஷினை மச்சான்தான் தனியாக வாங்கி வைத்தார். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் தொட்டியை நிரப்பி வைத்து, போர் தண்ணீரை ஆர்.ஓ. வழியாகவே விடுகிறோம். ஆவி நேராகச் சோற்றுக்குள் போவதால் பாய்லருக்குள் கண்ட மருந்தையும் ஊற்ற முடியாது. மருந்து கம்பெனிக்காரர் வந்தால், சாப்பாட்டில் படுகிற ஆவிக்கு இது ஆகுமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதையும் கோவைக்காரர்கள் சொல்லவில்லை.

வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் ஃபோன் எடுக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், வீடியோவில் காட்டச் சொல்லி ஓரளவுக்குக் காரணமும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆள் வருவதுதான் இழுக்கிறது. ஒரு டிராப்பின் மிதவை ஓட்டையாகித் தண்ணீர் நின்றபோது, மாற்று மிதவை கூரியரில் வந்தது, மாட்டியது நான். திருகுளியின் நுனியை டிராப்பில் வைத்துப் பிடியைக் காதில் வைத்து, டிராப் வேலை செய்கிறதா என்று கேட்டுச் சொல்லத் தெரிந்த ஆள் உள்ளூரில் ஒருவர் இருந்தால் இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம். அப்படி ஆள் இல்லையென்றால், டிராப்புக்கு ஒரு செட் உதிரி சாமானை முதல் பில்லிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் விலை வேறு.

இன்னொன்று, லைன் படத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்தார்கள்: எந்த இடத்தில் எந்த டிராப், வாட்டம் எந்தப் பக்கம், பைப்பு எத்தனை இஞ்ச் என்று ஒரே தாளில். லேமினேட் செய்து பாய்லர் ரூம் கதவில் மாட்டியிருக்கிறோம். ஏர்வாடியில் புதிதாக மஹால் கட்டுகிற ஒருவர் வந்து அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனார். தகடு விஷயத்தையும் ஆர்.ஓ. விஷயத்தையும் அதிலேயே பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.